மச்சான் பிடிக்கும் கயிறு

கையிலிருந்த குழந்தைச் சட்டையை மாமியார் வெடுக்கென்று பிடுங்கியபோது விக்டோரியாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சட்டையில் அழுக்குப் பட்டுவிட்டதோ என்று தன் உள்ளங்கையைத்தான் திருப்பிப் பார்த்தாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து, இஸ்திரிப் பெட்டியில் கரித்துண்டு போட்டு ஊதி ஊதிச் சூடாக்கி, அந்தச் சின்ன வெள்ளைச் சட்டையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தியவள் அவள்தான்.

"நீ விடு. பேபி வந்து பிள்ளைக்குப் போட்டுக்கிடுவா," என்றாள் சவேரியம்மாள்.

பேபி அந்த வீட்டின் இளைய மருமகள். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு அன்றைக்கு ஞானஸ்நானம். மூத்தவன் இனிகோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷமாகியும் விக்டோரியாவின் மடி நிறையவில்லை. அந்தக் கை தொட்ட சட்டை பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் விக்டோரியா தாங்கியிருப்பாள். சட்டையை உதறி மடித்துக்கொண்டே சவேரியம்மாள் அடுத்த கல்லையும் போட்டாள். "நாளையில இருந்து உன் அண்ணன் இனிகோவுக்குக் கயிறு பிடிக்க வேண்டாம். தோணிக்காரச் சம்மாட்டிகிட்ட சொல்லியாச்சு. வேற ஆள் வாரான்."

முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த இனிகோவின் கைகள் நின்றன. விக்டோரியா அவனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

கடல் தெரியாதவர்களுக்கு அந்தக் கயிறு என்னவென்று சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் அப்போது முத்துக்குளிப்பு இல்லை. கடலடிப் பாரில் முத்துச்சிப்பி விளையாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. சங்கு மட்டும்தான். மழை முடிந்து கடல் தெளிந்ததும் தோணிகள் கிளம்பும். குளிக்கிறவன் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி அடியில் இறங்குவான். இடுப்புக் கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில். மூச்சு முட்டியதும் கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டுவான். அந்தச் சுண்டலுக்கு மேலே இருப்பவன் கண் அசந்தால் போயிற்று. அதனால்தான் அந்தக் கரையில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை வைப்பார்கள். அண்ணனோ தம்பியோ உயிரைக் கொடுத்தாவது தூக்குவான். கீழே கிடப்பது அவன் தங்கச்சியின் தாலி.

கல்யாணமான நாளிலிருந்து இனிகோவின் கயிறு விக்டோரியாவின் அண்ணன் ரோச்சின் கையில்தான். அந்த முதல் வருஷங்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு இனிக்கும். கடல்காற்று எழும்பும் மதிய நேரம் தோணிகள் பாய் விரித்து வரிசையாகக் கரையேறும். பெண்கள் எல்லாம் கையை நெற்றியில் வைத்துத் தங்கள் தங்கள் பாயைத் தேடுவார்கள். மச்சானும் மச்சானும் தோளில் கைபோட்டுக்கொண்டு, உப்புப் பூத்த உடம்போடு, ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு மணலில் ஏறி வருவார்கள். "உன் மாப்பிள்ளைக்கு மூச்சு பெருசு, மூளைதான் சிறுசு" என்பான் ரோச். "உங்க அண்ணன் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே தூங்குதான்" என்பான் இனிகோ. கஞ்சியை இருவருக்கும் ஒரே சட்டியில்தான் ஊற்றுவாள். பனிமய மாதா திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பார்கள். அப்போதெல்லாம் சவேரியம்மாளும் நல்லவள்தான். மருமகளின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, பேரனுக்கு என்ன பேர் வைப்பது என்று தன் மாமனார் பெயரையும் புனிதர்கள் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள்.

பிள்ளை வரவில்லை. பேர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். போன மழைக்கு முன்னால், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமியாரே அவளை அனுப்பினாள். ரோச் துணைக்குப் போனான். மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பலனில்லை. அடுத்த முறை போனபோது, பிள்ளை இறங்கி வரும் குழாய்கள் அடைத்திருக்கிறதா என்று காற்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. அடைப்பு இருந்தால் வயிற்றைத் திறந்து எடுக்கலாம், அப்படியும் பிள்ளை நிச்சயமில்லை, கத்திக்குச் சம்மதமா என்று கேட்டாள். விக்டோரியா யோசிக்கவே இல்லை. எங்கே வெட்டினாலும் சரி என்றாள்.

காற்றைச் செலுத்தி முடித்து அவளை உட்கார வைத்ததும், பக்கத்தில் நின்ற நர்ஸ் கிருபை குனிந்து கேட்டாள். கிருபை உடன்குடிக்காரி. பேச்சு படபடவென்று வரும்.

"தோள்பட்டை வலிக்காக்கா?"

"ஆமா... வயித்துல பண்ணினதுக்குத் தோள் எதுக்கு வலிக்கு?"

"வலிச்சா நல்லதுக்கா. குழாய் வழியா காத்து வெளிய வந்துட்டுன்னு அர்த்தம். அடைப்புக் கிடையாது. உங்க வயித்துல கத்தி வைக்க வேண்டிய சோலியே இல்ல."

விக்டோரியாவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா அவளைத் தனியே உட்கார வைத்து, உன் மேல் ஒரு குறையும் இல்லை, அடுத்த முறை புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

இனிகோவைக் கிளப்புவது லேசாக இருக்கவில்லை. மணப்பாடு குருசுத் திருவிழாவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவனைச் சோதித்தார். விரைக்கு மேலே நரம்புகள் நனைந்த நூல்கண்டுபோல் புடைத்துச் சுருண்டிருந்தன. அது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. குளிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் புடைப்பு உண்டு. காலில் கல்லைக் கோத்து இறங்கி இறங்கி வருவது, 'பாரம் இறங்கியிருக்கு' என்பார்கள். பாரம் இறங்காதவன் என்ன குளிகாரன் என்று தோணியில் பெருமையாகக்கூடப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமைதான் வினை என்று டாக்டர் சொன்னார். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். விந்தில் உயிர் மிகவும் குறைவாக இருந்தது. அடிவயிற்றின் ஓரத்தில் சிறிதாகக் கீறி, அந்த நரம்புகளை முடிச்சுப் போட்டுவிட்டால் சரியாகலாம், சிலருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை என்றார்.

இனிகோ எழுந்து வெளியே வந்துவிட்டான்.

திரும்பி வரும் வழியில், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் அந்தப் பஸ் வல்லநாட்டு மேட்டில் மூச்சடைத்து நின்றது. கண்டக்டர் இறங்கிக் கரிப்பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் இறங்கி நிழலைத் தேடினார்கள். இனிகோ அவளை ஒரு பனைமரத்தின் ஓரமாக அழைத்துப் போனான். அலை அடித்துப் போட்டதுபோல் இருந்தது அவன் முகம்.

"இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, விக்டோரியா."

"கத்தி வச்சுக்கிட்டா சரியாயிரும்னு சொல்லுதாவல்லா?"

"கத்தி பட்ட உடம்புல கடல் ஏறிரும். ஆழத்துல தையல் வழியா தண்ணி உள்ள போயிரும். எங்க அப்பா காலத்துல இருந்து சொல்லுததுதான். கத்தி வச்சுட்டான்னு தெரிஞ்சா எவன் என்னைத் தோணியில ஏத்துவான்? குறை இருக்குன்னு தெரிஞ்சாலும் சிரிப்பானுவ. எனக்குக் கடல விட்டா வேற என்ன தெரியும்?"

அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள். பஸ் கிளம்புமுன் அவளே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். குறை எனக்குத்தான் மாமி, குழாய் அடைத்திருக்கிறதாம், வெட்டினாலும் பிரயோசனமில்லையாம் என்றாள். மாமியார் எண்ணெய்ச் சிமிழை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு மருமகளின் தலையை அவள் தொடவில்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மகன் தலையெழுத்து, மலடியக் கட்டிட்டான்" என்று சொல்லத் தொடங்கினாள். இனிகோவுக்கும் அது காதில் விழுந்தது.

ஞானஸ்நான விருந்து முடிந்து, எச்சில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விக்டோரியா மாமியாருக்கு எதிரே போய் நின்றாள். ஏழு வருஷத்தில் அவள் எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னை ஏசுனிய, பொறுத்துக்கிட்டேன். என் அண்ணன் என்ன செஞ்சாவ மாமி? ஒரு நாள் கண் அசந்தாவளா?"

சவேரியம்மாள் வெற்றிலையை மடித்தபடியே பதில் சொன்னாள். "தங்கச்சி தாலிக்குப் பயந்துதான் மச்சான் கையில கயிறு. பிள்ளை குட்டின்னு இருந்தா அந்தத் தாலிக்கு ஒரு கனம் இருக்கும். இங்கன உன்ன நாங்க நடத்துத லெச்சணத்துக்கு, உன் அண்ணன் மனசுல என்ன இருக்கோ... எம்புள்ள உயிர வச்சு நான் சூதாட முடியாது."

தான் மருமகளை எப்படி நடத்துகிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பயத்தைத்தான் ரோச் மேல் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் தோணிகள் போன பிறகு ரோச் வந்தான். வாசலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தங்கச்சியைப் பெட்டியை எடுக்கச் சொன்னான். சம்மாட்டி நாலு பேர் முன்னால் கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டானாம்.

"அவன் அடியில கிடக்கப்ப எல்லாம் நான் மூச்சுவிட மறந்து நின்னிருக்கேன் ஏளா. என்னையப் போயி கொலைகாரனாக்கிட்டாவ. இன்னும் என்னத்துக்கு இங்கன நிக்க? வா போவோம்."

"கூட்டிட்டுப் போறதுன்னா போ. நான் தடுக்கல," என்றாள் சவேரியம்மாள் உள்ளேயிருந்து.

விக்டோரியா தகரப்பெட்டியில் இரண்டு சேலையை எடுத்து வைத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் தலை நிமிர்ந்துவிடும், மாமியார் வாய் அடைத்துவிடும். வல்லநாட்டு மேட்டில் அழுத முகம் ஞாபகம் வந்தது. பெட்டியை மூடினாள்.

"அவிய கரைக்கு வரட்டும் அண்ணே. கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு வாரேன்," என்றாள்.

அன்றைக்கு இனிகோ வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டான். கையில் சங்கு வலை சும்மா தொங்கியது. என்னல ஆச்சு என்று தாய் கேட்டாள். அவன் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"அடிக்குப் போக முடியலம்மா. இறங்கி பாதியிலயே நெஞ்சு மேல பாக்குது. மேல எவன் நிக்கான், கயிற்றைப் பார்க்கானா, கரையப் பார்க்கானான்னு... தரையில கை படுததுக்கு முன்னாலயே சுண்டிட்டேன். திரும்பத் திரும்பப் போனேன். எல்லா தடவையும் அப்படித்தான். தோணியில இருந்தவன் எல்லாம் சிரிச்சான்."

பிறகு வாசலிலேயே காத்து நின்ற ரோச்சின் பக்கம் திரும்பினான்.

"மச்சான், அவளக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுட்டுப் போ. குறை எனக்கு. அவளுக்கு ஒரு குறையும் இல்ல. டாக்டர் எனக்குத்தான் கத்தி வைக்கணும்னு சொன்னாரு. நான் பயந்து ஓடி வந்துட்டேன்."

பேபி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

சவேரியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "பொண்டாட்டி போறாளேன்னு பொய் சொல்லாதல..."

"பொய் அவ சொன்னது. எனக்காகச் சொன்னா. நான்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நாளா நீ அவள ஏசின ஏச்செல்லாம் எனக்கு விழ வேண்டியது."

ரோச் கையை ஓங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தான். பக்கத்தில் வந்ததும் அந்தக் கை தானாக இறங்கியது. இனிகோவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணிக்குள்ள ஒரு சுண்டு சுண்டினா தூக்குதேன். கரையில வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கியிருக்க மாட்டேனால?"

இனிகோ அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். விக்டோரியா பெட்டியைத் தரையில் வைத்தாள். மாமியார் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. சவேரியம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டிருந்தாள்.

கயிறு மறுநாளே ரோச்சிடம் வந்துவிட்டது. ஆனால் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. முன்பு ஏச்சாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மாமியார் இருக்கிற இடத்துக்கு இவள் போனால் அவள் எழுந்துவிடுவாள். என்னால்தான் மகன் வீட்டில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தான் என்று கோபமாக்கும் என்று விக்டோரியா நினைத்துக்கொண்டாள். இந்த முறையும் பாரம் அவள் மேலேதான்.

பருவம் முடிந்து தோணிகளைக் கரையேற்றியதும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரோச்சும் போனான். யாரும் கூப்பிடாமலே சவேரியம்மாளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கத்திக்கு முன்னால் இனிகோ டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், தண்ணீர் ஏறுமா என்று. தையல் ஆறிவிட்டால் தோல் பழைய தோல்தான், எதுவும் ஏறாது என்றார் அவர். அவன் முகத்தில் நம்பிக்கை இல்லாததைப் பார்த்து கிருபை சொன்னாள்: "ஏறுனா எங்கிட்ட வாரும் அண்ணாச்சி. பிழிஞ்சு வெயில்ல காயப்போட்டுத் தாரேன்." ரோச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்துவிட்டான்.

விரல் நீளத்துக்குத்தான் கீறல். உள்ளே புடைத்த நரம்புகளைக் கட்டி முடிச்சுப் போட்டுத் தைத்துவிட்டார்கள். அடுத்த பருவம்வரை கனம் தூக்கக் கூடாது, பிள்ளைக்கு ஒரு வருஷமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் விக்டோரியா ஒரு கோடியிலும் மாமியார் மறுகோடியிலும் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். நடுவில் செபமாலை கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது, பெண் பிள்ளை. அது சண்டையெல்லாம் ஓய்ந்து, சீனியும் மண்ணெண்ணெயும் மறுபடி கடைக்கு வந்த பிறகு. இந்தக் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மழை போய்க் கடல் தெளிந்தது. கத்தி பட்ட உடம்போடு இனிகோ இறங்கின முதல் நாள், சவேரியம்மாள் காலையிலிருந்து கரையிலேயே நின்றாள். விக்டோரியா கொஞ்சம் தள்ளி நின்றாள். மதியம் காற்று எழும்பியது, பாய்கள் தெரிந்தன. ரோச்சின் சிரிப்புச் சத்தம் ஆளுக்கு முன்னால் கரைக்கு வந்தது. இனிகோ வலை நிறையச் சங்கோடு மணலில் ஏறி வந்தான். சவேரியம்மாள் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வராமல், தெருவோடு போனாள்.

எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் வந்தாள். முழங்கால்வரை புழுதி. அடுக்களை வாசலில், உலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மருமகளுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கொண்டா ஏளா."

விக்டோரியா செம்பைக் கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கிழவி பேசினாள்.

"எந்தெந்த வீட்டுல உன்ன மலடின்னு சொன்னேனோ, அந்தந்த வீட்டுக்கெல்லாம் போயிட்டு வாரேன். குறை என் மகனுக்குத்தான், எம்மருமக அவனுக்காகப் பழியச் சுமந்தா, கத்தி வச்சு இன்னைக்கு அவன் கடலுக்கும் போயிட்டு வந்துட்டான்னு சொல்லிட்டேன். முன்னமே சொல்லியிருப்பேன். சொன்னா அவனைத் தோணியில ஏத்தமாட்டானுவளேன்னு இன்னைக்கு வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"மாமி... பெத்த மகனை நீங்களே..."

"ரெண்டு வீட்டுல சிரிச்சாளுவ. சிரிக்கட்டும்னு நின்னேன். நீயும் அப்படித்தான நின்ன. ஒரு வீட்டுல மட்டும் ஒருத்தி பின்னாலயே வந்து, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல போகணும், உங்க மருமகட்ட கேட்டுச் சொல்லுங்கன்னா." சவேரியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாளும் உன் மேல கோவம்னா நினைச்ச? உன் மூஞ்சியப் பார்க்க எனக்கு முகம் இல்ல ஏளா. அதான் எந்திச்சு எந்திச்சுப் போனேன். இனி உன்னப் பார்த்துப் பேசலாமா?"

விக்டோரியாவுக்குப் பனைமரத்தடியில் அழாதது, சட்டையைப் பிடுங்கினபோது அழாதது, பெட்டி கட்டினபோது அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. மாமியாரின் மடியில் கவிழ்ந்துவிட்டாள். கிழவியின் கை தயங்கித் தயங்கி வந்து அவள் முதுகில் படிந்தது. அப்புறம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அழுது ஓய்ந்தபோது உலையில் சோறு குழைந்து போயிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். ஒருவரும் அதற்குக் குறை சொல்லவில்லை.